நரம்புசார் சிறுநீர்ப்பைக் கோளாறு

நரம்புசார் சிறுநீர்ப்பைக் கோளாறு என்பது மூளை, தண்டுவடம், புற நரம்புகள் ஆகியவற்றில் ஏற்படும் பாதிப்பினால், சிறுநீரைத் தேக்கி வைக்கும் திறனோ வெளியேற்றும் திறனோ குன்றும் நிலை ஆகும். சிறுநீர்ப்பையில் நோய் ஏதும் இல்லாத போதும் இக்கோளாறு தோன்றலாம். தண்டுவடக் காயம், நீரிழிவு நோய், பக்கவாதம், பார்க்கின்சன் நோய், பிறவித் தண்டுவடப் பிளவு, முதுகெலும்புக் காசநோய் ஆகியன இதன் முக்கியக் காரணங்களாகும். தக்க கவனிப்பு இல்லையெனில் இக்கோளாறு சிறுநீரகங்களைப் பழுதாக்கி உயிருக்கே ஆபத்தை விளைவிக்கக்கூடும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை தண்டுவடம் முறிந்தவர்கள் பெரும்பாலும் சிறுநீர்த் தொற்றினாலும் படுக்கைப் புண்ணினாலும் இறந்தனர். இந்நிலை மாறியதற்கு, சிறுநீர்ப்பையை நரம்பு மண்டலம் எவ்வாறு ஆள்கிறது என்பது பற்றிய ஆய்வுகளும், அவற்றையொட்டி எழுந்த எளிய சிகிச்சை முறைகளும் காரணமாயின.

சிறுநீர்ப்பையின் இயல்பான செயற்பாடு

சிறுநீர்ப்பைக்கு இரண்டு பணிகள் மட்டுமே உண்டு: தேக்குதல், வெளியேற்றுதல். ஒரு நாளின் பெரும்பகுதியில் அது தேக்கும் நிலையிலேயே இருக்கும். வளர்ந்த ஒருவரின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை கொள்ளும். 150 முதல் 200 மில்லி லிட்டர் சேர்ந்தவுடன் முதல் உணர்வு தோன்றும். நிரம்பும்போது சுவர்த்தசை தளர்ந்து விரிவதால், அளவு கூடினாலும் உள்ளழுத்தம் அதிகம் உயர்வதில்லை. வெளியேற்றும்போது சுவர்த்தசை சுருங்க, அதே வேளையில் வெளிவாயிலில் உள்ள சுருக்குத்தசை தளர வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கிணைந்து நிகழ்வதே சிறுநீர் கழித்தல் ஆகும்.

மூன்று வகை நரம்புகள் இப்பணியில் ஈடுபடுகின்றன.

* துணைப்பரிவு நரம்புகள்: தண்டுவடத்தின் இரண்டாம் முதல் நான்காம் வரையிலான திருவெலும்புக் கூறுகளிலிருந்து தோன்றுகின்றன. இவற்றின் முனைகள் வெளியிடும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் சுவர்த்தசையைச் சுருங்கச் செய்கிறது.
* பரிவு நரம்புகள்: மார்புத் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்தும் இடுப்புத் தண்டுவடத்தின் மேற்பகுதியிலிருந்தும் வருகின்றன. இவை நோரட்ரினலினை வெளியிட்டுச் சுவர்த்தசையைத் தளர்த்தி, சிறுநீர்ப்பைக் கழுத்தை இறுக்குகின்றன.
* உடல் நரம்புகள்: வெளிச் சுருக்குத்தசையை இயக்குகின்றன. மனிதர் தம் விருப்பப்படி அடக்கிக்கொள்ள உதவுபவை இவையே. இவற்றின் தாய்ச் செல்கள் ஓனுஃப் கரு எனப்படும் சிறு தொகுதியில் உள்ளன. ஓனுஃப் என்பவர் இதனை 1899ஆம் ஆண்டு விவரித்தார்.

ஓனுஃப் கருவில் உள்ள செல்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கை கால்களை இயக்கும் நரம்புச் செல்களைப் படிப்படியாக அழிக்கும் இயக்க நரம்பணு நோயில், இச்செல்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அதனால் உடல் முழுவதும் செயலிழந்த நிலையிலும் இந்நோயாளிகள் பலர் சிறுநீரைக் கட்டுப்படுத்த இயல்கின்றனர்.

மேற்கண்ட நரம்புகளுக்கு மேலே ஆணையிடும் நிலையங்கள் மூளையில் உள்ளன. சிறுநீர்ப்பையின் நிறைவு பற்றிய செய்தி தண்டுவடத்தின் வழியாக நடுமூளைச் சாம்பற்பொருளை அடைகிறது. அங்கிருந்து மூளைப் பாலத்தில் உள்ள சிறுநீர் கழிப்பு மையத்துக்குச் சைகை செல்கிறது. இம்மையம் தூண்டப்பட்டால் சுவர்த்தசை சுருங்கும், சுருக்குத்தசை தளரும். ஆயினும் தக்க இடமும் நேரமும் வாய்க்கும் வரை பெருமூளையின் முன்மடல் இம்மையத்தைத் தடுத்து வைக்கிறது. கைக்குழந்தைகளில் இத்தடை முதிர்ச்சி அடையாததால் சிறுநீர் தானாகவே கழிகிறது. மூன்று முதல் ஐந்து வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் இக்கட்டுப்பாட்டைப் பெறுகின்றனர்.

பாதிப்பின் இடமும் கோளாறின் வகையும்

கோளாறின் தன்மை, நரம்பு மண்டலத்தில் பாதிப்பு எங்கே ஏற்பட்டது என்பதைப் பொறுத்தது. இதனை ஒரு மின்சுற்றில் கம்பி அறுந்த இடத்தைக் கண்டறிவதற்கு ஒப்பிடலாம். மூன்று நிலைகள் வேறுபடுத்தப்படுகின்றன.

மூளைப் பாலத்துக்கு மேல்: பக்கவாதம், முன்மடல் கட்டிகள், பார்க்கின்சன் நோய் போன்றவற்றில் மேலிருந்து வரும் தடை குறைகிறது. சிறிதளவு நிரம்பியதும் அடக்க இயலாத உந்துதல் தோன்றும். ஆனால் மூளைப் பாலமும் தண்டுவடமும் நலமாக இருப்பதால், சுவர்த்தசைக்கும் சுருக்குத்தசைக்கும் இடையேயான ஒருங்கிணைப்பு குலைவதில்லை. சிறுநீரகங்களும் பொதுவாகப் பாதுகாப்பாக இருக்கும்.

மூளைப் பாலத்துக்கும் திருவெலும்புத் தண்டுவடத்துக்கும் இடையில்: இது தண்டுவடக் காயத்தில் பெரும்பாலும் காணப்படுவது. காயம் ஏற்பட்டவுடன் தண்டுவட அதிர்ச்சி என்னும் நிலை உண்டாகி, சில வாரங்களுக்குச் சிறுநீர்ப்பை முற்றிலும் செயலற்றிருக்கும். பின்னர் தண்டுவடத்தின் அடிப்பகுதி தன்னிச்சையாக இயங்கத் தொடங்கும். சுவர்த்தசை கட்டுப்பாடின்றிச் சுருங்கும். அதே நேரத்தில் சுருக்குத்தசையும் இறுகும். கதவைச் சாத்திவிட்டுத் தள்ளுவது போன்ற இந்நிலை, சிறுநீர்ப்பையின் உள்ளழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்துகிறது.

திருவெலும்புத் தண்டுவடத்திலோ அதற்குக் கீழோ: வால் நரம்புக் கற்றைக் காயம், நீரிழிவு நரம்பு நோய், இடுப்புக்குழி அறுவை சிகிச்சையில் நேரும் நரம்புச் சேதம் ஆகியன இவ்வகையின. சிறுநீர்ப்பை தளர்ந்து, உணர்வும் சுருங்கும் ஆற்றலும் இழந்து, நிரம்பி வழியும். நீரிழிவு நோயாளிகளில் இது ஓசையின்றி வளர்கிறது. உந்துதல் குறைவதால் நெடுநேரம் சிறுநீர் கழிக்காமல் இருப்பதை நோயாளி ஒரு நோயாகவே கருதுவதில்லை.

சிறுநீரகங்களுக்கு ஏற்படும் ஆபத்து

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் குறைந்த அழுத்தத்திலேயே கீழிறங்குகிறது. சிறுநீர்ப்பையின் உள்ளழுத்தம் தொடர்ந்து உயர்ந்திருந்தால் அந்த ஓட்டம் தடைப்படும். சிறுநீர் மேல்நோக்கித் திரும்பவும் கூடும். அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் மெகுவயரும் அவருடைய குழுவினரும் பிறவித் தண்டுவடக் குறைபாடுடைய குழந்தைகளை ஆராய்ந்து 1981ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் ஒரு திருப்புமுனையாகும். சிறுநீர் கசியத் தொடங்கும் அழுத்தம் 40 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்கு மேற்பட்ட குழந்தைகளில் சிறுநீரகப் பாதை கெடும் வாய்ப்பு மிகுதி என்று அது காட்டியது. வெளியே கசிவது குறைவாக இருப்பது நலத்தின் அறிகுறி ஆகாது என்பதே இதன் பொருள். கசிவின்றி இருக்கும் ஒருவரின் சிறுநீரகம் உள்ளுக்குள் அழிந்துகொண்டிருக்கக்கூடும்.

இவ்வழுத்தத்தை அளக்கும் சோதனை சிறுநீர் இயக்கவியல் சோதனை எனப்படும். மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையை மெதுவாக நிரப்பி, அழுத்த மாற்றத்தை வரைபடமாகப் பதிவு செய்வர். தண்டுவடக் காயமுற்றவர்களுக்கு இச்சோதனையும் சிறுநீரக மீயொலி வரைவும் குறித்த கால இடைவெளியில் பரிந்துரைக்கப்படுகின்றன.

மார்புத் தண்டுவடத்தின் ஆறாம் கூறிலோ அதற்கு மேலோ காயமுற்றவர்களுக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. சிறுநீர்ப்பை மிகையாக நிரம்பினால் இரத்த அழுத்தம் திடீரென உயர்ந்து, கடும் தலைவலி, வியர்வை, முகச்சிவப்பு ஆகியன தோன்றும். தன்னியக்க நரம்பு மிகைவினை எனப்படும் இந்நிலை மூளையில் இரத்தக் கசிவை உண்டாக்கலாம். நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து உடனே சிறுநீரை வெளியேற்றுவது முதலுதவியாகும்.

ஆய்வு வரலாறு

கி.மு. 1600ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட எகிப்தின் எட்வின் சிமித் பாப்பிரசு ஏட்டிலேயே, கழுத்தெலும்பு பிசகியவர்க்குக் கை கால் உணர்வு இழப்புடன் சிறுநீர் சொட்டுவதும் குறிக்கப்பட்டுள்ளது. முதுகுக் காயத்துக்கும் சிறுநீருக்கும் உள்ள தொடர்பு பழங்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது என்பதற்கு இது சான்றாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் லாங்லி, ஆண்டர்சன் ஆகியோர் விலங்குகளில் இடுப்பு நரம்புகளைத் தனித்தனியே தூண்டி அவற்றின் பணிகளை வரையறுத்தனர்.

பிரித்தானிய அறுவை மருத்துவர் பாரிங்டன் பூனைகளின் மூளைத்தண்டில் சிறு சிறு சேதங்களை ஏற்படுத்தி ஆராய்ந்து, 1925ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டார். மூளைப் பாலத்தின் ஒரு குறிப்பிட்ட பகுதி அழிந்தால் பூனையால் சிறுநீர் கழிக்க இயலாமற் போவதை அவர் கண்டார். அப்பகுதி இன்று பாரிங்டன் கரு எனப்படுகிறது. மனிதரிலும் அவ்வாறே உள்ளதா என்பதற்கு நேரடிச் சான்று கிடைக்க எழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நெதர்லாந்தைச் சேர்ந்த பிளாக், ஹோல்ஸ்டேஹே ஆகியோரும் அவர்தம் குழுவினரும் மூளைப் படிமக் கருவிக்குள் தன்னார்வலர்களைச் சிறுநீர் கழிக்கச் செய்து, மூளைப் பாலத்தின் அப்பகுதி இயங்குவதை 1997ஆம் ஆண்டு காட்டினர். இதற்கிடையில் 1964ஆம் ஆண்டு ஆண்ட்ரூ, நேத்தன் ஆகியோர், முன்மடலில் கட்டியோ காயமோ உள்ளவர்கள் சிறுநீர்க் கட்டுப்பாட்டை இழப்பதை விரிவாக விளக்கியிருந்தனர்.

தண்டுவடம் அறுந்த பின்னும் சிறுநீர்ப்பை மீண்டும் சுருங்கத் தொடங்குவது ஏன் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. அமெரிக்காவின் பிட்சுபர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் டி குரோட் இதற்கு விடை கண்டார். இயல்பான நிலையில் நிறைவு பற்றிய செய்தியை, உறையிட்ட மெல்லிய நரம்பிழைகள் மூளைக்குக் கொண்டு செல்கின்றன. சி இழைகள் எனப்படும் உறையற்ற இழைகள் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கின்றன. தண்டுவடம் அறுந்த சில வாரங்களில் இவ்வுறங்கும் இழைகள் விழித்து, மூளையைத் தவிர்த்துத் தண்டுவடத்துக்குள்ளேயே ஒரு புதிய மறிவினைப் பாதையை அமைக்கின்றன. நரம்பு மண்டலம் தன்னைத்தானே மாற்றியமைத்துக்கொள்ளும் இயல்பு இங்குத் தீங்காக முடிகிறது.

சி இழைகளைத் தூண்டிப் பின் மரத்துப்போகச் செய்யும் பொருள் ஒன்று தமிழகச் சமையலறைகளில் நாள்தோறும் புழங்குகிறது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான காப்சைசின் என்பதே அது. 1990களில் காப்சைசின் கரைசலைச் சிறுநீர்ப்பையினுள் செலுத்தி மிகைச் சுருக்கத்தைக் குறைக்கும் முயற்சிகள் நடைபெற்றன. பலரிடம் பயன் தெரிந்தபோதும், செலுத்தும்போது உண்டாகும் எரிச்சல் காரணமாக அம்முறை நிலைக்கவில்லை. காப்சைசினை உணரும் ஏற்பியை டேவிட் ஜூலியசின் ஆய்வகம் 1997ஆம் ஆண்டு அடையாளம் கண்டது. தொடுகையையும் இழுவிசையையும் உணரும் பீசோ புரதங்களை ஆர்டெம் படப்பூட்டியன் குழுவினர் 2010ஆம் ஆண்டு கண்டறிந்தனர். இருவரும் 2021ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். சிறுநீர்ப்பை விரிவதை உணர்வதில் பீசோ2 புரதத்துக்குப் பங்குண்டு என்பது 2020ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் நிறுவப்பட்டது. இப்புரதம் பிறவியிலேயே செயற்படாத மனிதர்களும் சிறுநீர்ப்பை நிறைவதைச் சரிவர உணர்வதில்லை.

சிகிச்சை முறைகள்

சிகிச்சையின் நோக்கங்கள் வரிசைப்படி மூன்று: சிறுநீரகத்தைக் காத்தல், தொற்றைத் தவிர்த்தல், கசிவைக் குறைத்தல்.

செருமனியிலிருந்து இங்கிலாந்துக்கு அடைக்கலமாகச் சென்ற நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், 1944ஆம் ஆண்டு ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். நிலையான குழாயைத் தவிர்த்து, கிருமி நீக்கிய குழாயை மருத்துவரே அவ்வப்போது செலுத்தி எடுக்கும் முறையை அவர் கையாண்டார். இம்முறை பயனளித்தபோதும் மருத்துவமனைக்கு வெளியே பின்பற்ற இயலாததாக இருந்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லாபிடெஸ் 1972ஆம் ஆண்டு இத்தடையை நீக்கினார். தொற்றுக்கு முதற்காரணம் குழாய் வழியே நுழையும் கிருமி அன்று. மிகையாக விரிந்த சிறுநீர்ப்பைச் சுவரில் இரத்த ஓட்டம் குறைந்து எதிர்ப்பாற்றல் குன்றுவதே என்பது அவருடைய கருத்து. ஆகவே கைகளைச் சோப்பினால் கழுவி, தூய குழாயைக் கொண்டு நோயாளி தாமே நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீரை வெளியேற்றினால் போதும் என்றார். அன்றைய மருத்துவ உலகம் தயக்கத்துடன் வரவேற்ற இவ்வெளிய முறை, இன்று உலகெங்கும் முதல்நிலைச் சிகிச்சையாக உள்ளது. ஒவ்வொரு முறையும் வெளியேறும் அளவு 400 முதல் 500 மில்லி லிட்டருக்கு மிகாதவாறு பார்த்துக்கொள்வது வழக்கம்.

பிற முறைகளில் முதன்மையானவை பின்வருமாறு:

* மருந்துகள்: ஆக்சிபியூட்டினின் போன்றவை அசிட்டைல்கோலினின் செயலைத் தடுத்து உள்ளழுத்தத்தைக் குறைக்கின்றன. வாய் உலர்தலும் மலச்சிக்கலும் இவற்றின் பக்கவிளைவுகள். 2012ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மிராபெக்ரான், தசையைத் தளர்த்தும் வேறொரு ஏற்பியைத் தூண்டுகிறது.
* போட்டுலினம் நச்சு: சுவிட்சர்லாந்தின் பிரிகிட்டே சூர்ச் குழுவினர் 2000ஆம் ஆண்டு இதனைச் சுவர்த்தசையில் ஊசிவழி செலுத்திப் பயன் கண்டனர். இதன் விளைவு சில மாதங்களே நீடிப்பதால் மீண்டும் மீண்டும் செலுத்த வேண்டும்.
* நரம்புத் தூண்டல்: பிரித்தானியாவின் கைல்ஸ் பிரிண்ட்லி 1970களின் இறுதியில் திருவெலும்பு நரம்பு வேர்களைத் தூண்டும் கருவியை மனிதரில் பொருத்தினார். டனாகோ, சுமிட் ஆகியோர் உருவாக்கிய திருவெலும்பு நரம்புச் சீராக்க முறை 1997ஆம் ஆண்டு அமெரிக்க ஒப்புதல் பெற்றது.
* அறுவை சிகிச்சை: குடலின் ஒரு பகுதியைக் கொண்டு சிறுநீர்ப்பையைப் பெரிதாக்குதல்.

தமிழ்நாட்டில்

தண்டுவடக் காயமுற்றோர் மறுவாழ்வில் தமிழ்நாடு இந்தியாவின் முன்னோடி மாநிலங்களுள் ஒன்றாகும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ், 1954ஆம் ஆண்டு சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த அவர், ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1963ஆம் ஆண்டு அக்கல்லூரியின் உடலியல் மருத்துவ மறுவாழ்வுத் துறைக்குத் தலைமை ஏற்றார். உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் 1966ஆம் ஆண்டு வேலூரில் தொடங்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. தாமே குழாய் செலுத்திக்கொள்ளும் பயிற்சியும் சிறுநீர் இயக்கவியல் சோதனையும் இத்துறையின் அன்றாடப் பணிகளாகும்.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் மற்றொரு குறிப்பிடத்தக்க நிறுவனம். 1975ஆம் ஆண்டு கடற்படை அலுவலர் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் இதனை 1981ஆம் ஆண்டு நிறுவினார். தமக்கு மருத்துவம் பார்த்த மருத்துவர் அமரின் பெயரையே நிறுவனத்துக்குச் சூட்டினார். 2020ஆம் ஆண்டு அவருக்குப் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன், தண்டுவடக் காயமுற்றோருக்கு இங்கு மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

மதுரைச் சமவெளியில் இக்கோளாறின் காரணங்கள் அப்பகுதி மக்களின் வாழ்வோடு இணைந்தவை. மதுரைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையில் அமைந்துள்ள மேலூரும் அதன் சுற்று ஊர்களும் வேளாண்மையும் கல் தொழிலும் சார்ந்தவை. தென்னையிலிருந்தும் கட்டடச் சாரத்திலிருந்தும் விழுதல், கிணற்றில் தவறி விழுதல், இருசக்கர வாகன விபத்து ஆகியன இத்தகைய ஊர்களில் தண்டுவடம் முறிவதற்கு வழிவகுக்கின்றன. விபத்துக்குள்ளானவரை இருவர் கையையும் காலையும் பிடித்துத் தூக்குவது முறிவை மேலும் மோசமாக்கும். அசையாமல் பலகையில் கிடத்திக் கொண்டுசெல்வதே முறையாகும். கடும் சிகிச்சைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை தென்மாவட்டங்களின் முதன்மை மையமாக உள்ளது. சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேர மருத்துவச் செலவை ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டு திசம்பரில் தொடங்கியது.

விபத்தைக் காட்டிலும் அமைதியாகப் பரவும் காரணம் நீரிழிவு நோயாகும். 2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் நாடு தழுவிய ஆய்வு, 2021ஆம் ஆண்டில் இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் இருந்ததாக மதிப்பிட்டது. முதுகெலும்புக் காசநோயைப் பொறுத்தவரை, குறுகிய கால மருந்துச் சிகிச்சை பெரும்பாலானோரைக் குணப்படுத்துவதைச் சென்னையில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டியுள்ளன. தொடர் முதுகுவலியுடன் கால் மரத்தலோ சிறுநீர் தடையோ தோன்றினால் உடனே மருத்துவரை நாடுவது, மீளாத சேதத்தைத் தடுக்கும்.

சமூகக் கூறுகள்

சிறுநீர்க் கசிவைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதே இக்கோளாற்றில் சிகிச்சை தாமதமாவதற்குப் பெருங்காரணம். நாற்றத்துக்கு அஞ்சித் திருமணம், கோயில் விழா, வேலை ஆகியவற்றிலிருந்து பலர் ஒதுங்கிவிடுகின்றனர். கழிப்பிட வசதி இல்லாத இடங்களில், குறிப்பாகப் பெண்கள், நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். கோடையில் வெப்பம் மிகுந்த சமவெளிப் பகுதிகளில் இது சிறுநீரைச் செறிவாக்கி, கல்லும் தொற்றும் உண்டாக வழிசெய்கிறது.

குழாயை ஒருமுறை மட்டும் பயன்படுத்துவது விரும்பத்தக்கது எனினும், செலவு கருதி இந்தியாவில் பலர் ஒரே குழாயைக் கழுவி உலர்த்தி மீண்டும் பயன்படுத்துகின்றனர். இதனைச் செய்யும் முறையைப் பயிற்சி பெற்ற செவிலியரிடமோ மறுவாழ்வு மையத்திலோ கற்றுக்கொள்வது இன்றியமையாதது. வீட்டில் உதவுவோர் பெரும்பாலும் மனைவியோ தாயோ ஆவர். நோயாளி தாமே செய்துகொள்ளக் கற்றால், அவர்களுக்கும் வெளியே வேலைக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைக்கிறது.

அண்மைக்கால ஆய்வுகள்

ஒளியினால் நரம்புச் செல்களை இயக்கும் தொழில்நுட்பம் இத்துறைக்குப் புதிய வழிகளைத் திறந்துள்ளது. பாரிங்டன் கருவில் சுருக்குத்தசையைத் தளர்த்தும் செல்கள் தனிவகையினவாக உள்ளன என்பதை 2018ஆம் ஆண்டு சுண்டெலிகளில் நடந்த ஆய்வு வெளிப்படுத்தியது. சிறுநீர்ப்பையைச் சுற்றி இழுபடும் உணரிப் பட்டை ஒன்றைப் பொருத்தி, அது தரும் அளவீட்டைக் கணினி ஆராய்ந்து, மிகைச் சுருக்கம் தோன்றும்போது ஒளி கொண்டு நரம்பைத் தானாகவே அடக்கும் கருவியை அமெரிக்க ஆய்வாளர்கள் 2019ஆம் ஆண்டு எலிகளில் செயற்படுத்திக் காட்டினர். இம்முறைக்கு நரம்புச் செல்களில் ஒளியுணர் மரபணுவைச் சேர்க்க வேண்டியிருப்பதால், மனிதர் பயன்பாட்டுக்கு வருமுன் பல கட்டச் சோதனைகள் தேவைப்படுகின்றன. அறுந்த தண்டுவடத்தை மீண்டும் இணைக்கும் சிகிச்சை எதுவும் நடைமுறைக்கு வராத நிலையில், குறித்த நேரத்தில் தூய குழாய் கொண்டு சிறுநீரை வெளியேற்றும் எளிய பழக்கமே தண்டுவடக் காயமுற்றோர் பலரின் சிறுநீரகங்களைக் காத்து வருகிறது.